ஒற்றைக்கண் பாலத்துக் கல்

காலை ஐந்து நாற்பது. ஆடி மாதம். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருந்தது, அதோடு இரண்டு நாள் மழையும் சேர்ந்திருந்தது. முதல் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி ரயில் கரையோரமாக நடந்த நான் முதலில் பார்த்தது அந்தக் கல்லைத்தான். ஒரு முழ அகலம் இருக்கும். எழுத்துகள் மறையும்படி மஞ்சள் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, இடுப்பளவில் சிவப்புத் துணி ஒன்றைப் பாவாடைபோலச் சுற்றியிருந்தார்கள். தண்ணீர் அந்தத் துணியின் ஓரத்தை நனைத்துக்கொண்டிருந்தது.

ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்குத் தெற்கே, காவிரிப் பாலத்தை நோக்கிப் போகும் ரயில் பாதை உயரமான மண்கரைமேல் ஓடுகிறது. கரைக்கு மேற்கே என் அக்கா குடியிருந்த தெரு. கிழக்கே வாழைத்தோட்டம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள இந்தத் தீவில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. மழைத்தண்ணீரும் வாய்க்கால் உபரியும் அந்த வழியாகத்தான் வடிய வேண்டும். கரை போட்ட பிறகு அதற்கு மிஞ்சியது ஒரு சிறு பாலம். பாலத்தில் தண்ணீர் போகும் வளைவை எங்கள் பக்கத்தில் கண் என்பார்கள். இதற்கு ஒரு கண். தெருக்காரர்கள் ஒற்றைக்கண் பாலம் என்றே சொன்னார்கள்.

ஒற்றைக்கண் என்பது சரியான சொல் அல்ல. நின்று பார்க்கிற யாருக்கும் தெரியும்: திறந்திருக்கும் வளைவுக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று இன்னும் இரண்டு வளைவுகள் கட்டப்பட்டிருந்தன. இரண்டையும் கருங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். வடக்குக் கண்ணை அடைத்த சுவரின் நடுவில்தான் அந்தக் கல் பதிக்கப்பட்டிருந்தது. மேலே வளைவு, உள்ளே கல். தூரத்திலிருந்து பார்த்தால் கோயில் மாடம் மாதிரியே இருக்கும்.

அன்று காலை தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர். கரைமேல் ஏறிக் கிழக்கே பார்த்தேன். வாழைத்தோட்டத்து வரப்பில் ஒரு கொக்கு நடந்துகொண்டிருந்தது. அதன் கால் நனையவில்லை.

அக்கா இரண்டு எருமைகளைக் கரைமேல் ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை இரண்டும்தான் அவளுடைய பிழைப்பு. அத்தான் பொன்மலை ரயில்வே பட்டறைக்கு வேலைக்குப் போனார். அந்தச் சம்பளம் அவருடைய தம்பி தங்கைகளுக்கே சரியாகிவிடும். அக்கா கோயில் வீதிகளில் பால் ஊற்றி வீட்டை நடத்தினாள். கொட்டில் கரையை ஒட்டி, தெருவிலேயே பள்ளமான இடத்தில் இருந்தது. முந்தின வருடம் தண்ணீர் வாரக்கணக்கில் நின்றதில் குளம்பு அழுகி ஒரு கிடேரி செத்துப்போயிருந்தது.

"பேப்பர்காரரே, வேடிக்கை அப்புறம் பாக்கலாம்" என்றாள். "வந்து வாலை முறுக்கு."

முறுக்கினேன். எருமை ஏறியது. மேலே ஏறினதும் தண்டவாளத்துக்கும் சரிவுக்கும் நடுவில் இருந்த குறுகலான இடத்தில் இரண்டையும் முளையடித்துக் கட்டினோம். தெருவில் மாடு வைத்திருந்த எல்லோரும் ஆடியில் அப்படித்தான் செய்தார்கள். வேறு மேடு கிடையாது.

பாதை பார்க்கும் கேங்மேன் சுத்தியலைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். "மாடு இங்க நிக்கக் கூடாதுங்கக்கா. யாராச்சும் பாத்தா எனக்குத்தான் மெமோ."

"அப்ப உங்க தண்ணிய எங்க தெருவுல நிக்க வேணாம்னு சொல்லுங்க. அதுக்கு ஒரு மெமோ குடுங்க" என்றாள் அக்கா.

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அப்பா சரிவில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். மடியில் தகரப் பெட்டி. அவர் கேட்ட முதல் கேள்வி, "கல்லு முழுகிடுச்சா?"

"பாவாடை நனைஞ்சிருக்குப்பா" என்றேன்.

"அப்ப இன்னும் ஏறாது. துரை கணக்குப் பண்ணித்தான் வெச்சாரு."

இந்தத் துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் திருச்சியில் ஒரு தினசரியில் நிருபராக இருந்தேன். ரயில்வே செய்திகள் பெரும்பாலும் என் பொறுப்பு. அந்த வகையிலும், வீட்டில் கேட்ட வகையிலும் அவரைப் பற்றி எனக்குத் தெரியும்.

ரயில் அரசாங்கத்திடம் வருவதற்கு முன் அதை நடத்திய கம்பெனியில் சின்ன இஞ்சினீயராகச் சேர்ந்தவர். கல்யாணமாகாதவர், குடிக்காதவர், அதிகாலையில் எழுந்துவிடுபவர். அவர் கட்டிய ஒவ்வொரு பாதையும் குறித்த நாளுக்கு முன்பாகவும் மதிப்பீட்டுக்குக் குறைவாகவும் முடிந்தது. லண்டனில் உட்கார்ந்திருந்த முதலாளிகளுக்கு அதைவிடப் பெரிய நற்செய்தி கிடையாது. அவரை மேலே மேலே ஏற்றினார்கள். கடைசியில் ஏஜெண்ட் ஆனார். கம்பெனிக்கு இங்கே அதற்கு மேல் பதவி இல்லை. ஓய்வு பெற்றுப் போகும்போது ஸ்டேஷனில் மாலைகளே ஒரு வண்டி சேர்ந்தன என்பார்கள். அவர் பெயரில் ஹாக்கிக்கு ஒரு கேடயம் இருந்தது. ரயில்வேக்காரர்கள் சீட்டாடவும் நாடகம் போடவும் கூடுகிற இன்ஸ்டிடியூட் மண்டபத்தில் ஆளுயர எண்ணெய்ச் சித்திரம் இருந்தது.

எங்கள் கரையும் அவர் கட்டியதுதான். அப்பா அதில் கொத்தனார் மேஸ்திரி.

சிறு பாலத்துக்கு மூன்று கண் என்றுதான் முதலில் வேலை தொடங்கியது. மூன்றுக்கும் வளைவு வைத்தாகிவிட்டது. தரைக்குக் கல் பரப்பி, இரு பக்கமும் ஓடை வெட்டி முடிக்க வேண்டும். முதல் ரயில் விட நாள் குறித்துவிட்டார்கள். கோடைக்காலம், ஓடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. துரை வந்து பார்த்தார். ஒன்று போதும், மற்ற இரண்டையும் அடை என்றார். அப்பா ஆள் வைத்து ஒரே வாரத்தில் அடைத்தார். பிறகு துரையின் பெயரும் வருடமும் வெட்டிய கல் வந்தது. அதை வைக்க, அப்போதுதான் பூசி முடித்த வடக்குச் சுவர் தோதாக இருந்தது. அப்பா கையாலேயே பதித்தார். வேலை முடிந்ததும் கொத்தனார்கள் வழக்கப்படி மஞ்சள் வைத்துக் கற்பூரம் காட்டினார். துரை தொப்பியைக் கழற்றினாராம்.

"எனக்கு முன்னாடி தொப்பியக் கழட்டினாரு" என்று அப்பா சொல்வார். எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

"தண்ணி எங்கப்பா போகும்னு கேட்டீங்களா?" என்று ஒருமுறை அக்கா கேட்டாள்.

"துரைக்குத் தெரியாதா?"

"துரைக்குத் தெரிஞ்சா நான் ஏம்ப்பா எருமைய ரயிலுக்கு முன்னாடி கொண்டுபோய்க் கட்டறேன்?"

அப்பா வெற்றிலையை மென்றுகொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

அந்த ஆடி முடிந்து சில வாரங்களில் துரையின் படத்துக்கு விழா எடுத்தார்கள். சுதந்திரம் வந்த புதிதில் யாரோ ஆட்சேபித்ததால் அந்தப் படம் கழற்றப்பட்டுச் சாமான் அறைக்குப் போயிருந்தது. பத்து வருடத்துக்கும் மேல் நாற்காலிகளுக்குப் பின்னால் கிடந்ததைத் தூசு தட்டி, சட்டத்துக்குப் பொன்மூலாம் பூசி, மறுபடி மாட்டினார்கள். வெள்ளைக்காரர் ஒருவர்கூட அந்த மண்டபத்தில் இல்லை. மாட்டியவர்கள், கைதட்டியவர்கள், பேசியவர்கள் எல்லோரும் நம்மவர்கள். முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். பேசியவர்களில் மூன்று பேர் "குறித்த நாளுக்கு முன்பாக, மதிப்பீட்டுக்குக் குறைவாக" என்று அதே வார்த்தைகளில் சொன்னார்கள். ஓர் உயர் அதிகாரி, "அந்தக் கட்டுப்பாடு இன்று நம்மிடம் இருக்கிறதா?" என்று கேட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். படத்திலிருந்தவர் ஒரு வரைபடத்தின்மேல் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். நல்ல ஓவியம். கை மிகச் சுத்தமாக இருந்தது.

செய்தியை எழுதி, கடைசிப் பத்தியில் ஒற்றைக்கண் பாலத்தைப் பற்றியும் நான்கு வாக்கியம் சேர்த்தேன். செய்தி ஆசிரியர் அதை மட்டும் நீல பென்சிலால் அடித்தார்.

"படத் திறப்புக்குப் போனா படத்தைப் பத்தி எழுதுங்க. பாலத்துக்கு எவனாவது விழா எடுத்தா அதுக்கும் உங்களையே அனுப்பறேன்."

"அங்க தண்ணி நிக்குது சார். நானே பாத்தேன்."

"தண்ணி எல்லா ஊர்லயும்தான் நிக்குது" என்றார். அவர் கெட்டவர் அல்ல. ரயில்வே விளம்பரம் வாரா வாரம் வந்துகொண்டிருந்தது.

பத்திரிகையால் நடக்காததை அக்கா பால் சொம்போடு போய்ச் சாதித்தாள். கோயில் வீதி ஒன்றில் அவள் பால் ஊற்றிய வீடுகளில் ஒன்று ரயில்வே உதவி இஞ்சினீயருடையது. எங்கள் கரை அவர் பார்வையில் இருந்தது. அவர் அந்த வீதிக்காரர். நெற்றியில் திருமண் இல்லாமல் அலுவலகம் போகமாட்டார், மரியாதையான மனிதர். ஒருநாள் அவர் மனைவி, பால் தண்ணீராக இருக்கிறது என்று குறைபட்டிருக்கிறாள்.

"நான் கலக்கலைங்கம்மா" என்றாளாம் அக்கா. "மாடு தண்ணியிலயே நின்னா பால் எப்படி இருக்கும்? ஐயாவ வந்து எங்க தெருவப் பாக்கச் சொல்லுங்க. மூணு கண்ணுல ரெண்ட அடைச்சு வெச்சிருக்கு. ஒண்ணத் திறந்தாக்கூடப் போதும்."

உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தவர் வெளியே வந்தார். "ஏம்மா, அது ஆதியிலேர்ந்து ஒரு கண்ணுன்னா எல்லாரும் சொல்றா?"

"அடைச்சவரு மகதாங்க நான்."

அவர் கார்த்திகை மாதத்தில் வந்தார். அதிகாரிகள் வரும் முறைப்படி டிராலியில் வந்தார். நான்கு சக்கரம், மேலே ஒரு பெஞ்சு, அதற்குமேல் வெள்ளைக் குடை. அவர் உட்கார்ந்திருக்க, நான்கு பேர் வெறுங்காலோடு தண்டவாளத்தின்மேல் ஓடியபடி தள்ளிக்கொண்டு வந்தார்கள். துரை வந்ததும் அப்படித்தான் என்று அப்பா சொல்லியிருந்தார். பெஞ்சு, குடை, ஓட்டம் எதுவும் மாறவில்லை. இறங்கினதும் அவர் டிராலிக்காரர்களிடம் "பாவம், மூச்சு வாங்கறது, உக்காருங்கோ" என்று அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைக் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல் ஏறியது.

பாலத்தைப் பார்த்ததும் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "வளைவு பரிஷ்காரமா தெரியறதே. இதைத் திறக்கறதுல ஒண்ணும் கஷ்டமில்லை." தெற்குக் கண்ணுக்கு வெளியே ஓடை தூர்ந்து வாழைத்தோட்டம் ஏறியிருந்தது. அதனால் வடக்குக் கண்தான் என்றார். இரண்டு மாதத்தில் அனுமதி வந்தது. அக்கா தெருவில் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்தாள். கொட்டிலுக்குப் புதுக் கீற்று வேய்ந்தாள். இன்னொரு கன்று வாங்கப் போவதாகச் சொன்னாள்.

மாசியில் ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். இஞ்சினீயரும் வந்தார். சுவரைப் பிரிக்க முதலில் கல்லைப் பெயர்க்க வேண்டும். அப்பா அதற்கு முன்னால் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்.

"இது நான் வெச்ச கல்லு. நான் போனப்புறம் எடுங்க."

நான்கைந்து பெண்களும் அவரோடு நின்றார்கள். அவர்கள் பிற்பாடு அந்தத் தெருவுக்குக் குடிவந்தவர்கள். வளைவுக்குள் மஞ்சள் பூசிய கல்லைக் கண்டவர்கள், கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல், அது அம்மன் என்று எடுத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை விளக்கு. ஆடியில் பாவாடை. பிள்ளைக்கு அம்மை வார்த்தால் வேப்பிலை. அப்பாவுக்கு இது தெரியும். ஒருநாளும் திருத்தவில்லை. தான் வைத்த கல்லை ஊர் கும்பிடுவது அவருக்குப் பிடித்திருந்தது.

இஞ்சினீயர் கல்லைப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்தார். மெதுவாக ஷூவைக் கழற்றினார்.

"தெய்வ காரியம்னா நாம தலையிடப்படாது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மக்கள் உணர்வைப் புண்படுத்துவது இன்றைய நிலையில் சரியாக இருக்காது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்தக் குரலில் இருந்தது பக்தி இல்லை, நிம்மதி. வேலை நிற்கிறது, காரணம் தன்னுடையது இல்லை. நான் எத்தனையோ அலுவலகங்களில் கேட்ட குரல் அது.

"சார், அது அம்மன் இல்லை. உங்க இன்ஸ்டிடியூட்ல படமா தொங்கறவர்" என்றேன்.

அவர் ஒரு கணம் கல்லைப் பார்த்தார். "அப்படின்னா இன்னமும் யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டார். டிராலி கிளம்பியது. கடப்பாரைக்காரர்களும் பின்னால் போனார்கள்.

அக்கா வீட்டுக்குள் போய் தோசைத் திருப்பியை எடுத்து வந்தாள். கல்லுக்கு முன்னால் குந்தி, பாவாடையை அவிழ்த்து, மஞ்சளைச் சுரண்ட ஆரம்பித்தாள். பல வருட மஞ்சள் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. அப்பா அவள் கையைப் பிடித்தார். "விடுங்கப்பா" என்றாள். அவர் விட்டுவிட்டார். எழுத்துகள் வெளியே வந்தன.

"படிடா" என்றாள் என்னிடம். "எல்லாருக்கும் கேக்கட்டும்."

படித்தேன். துரையின் முழுப்பெயர், படிப்பு, பதவி, வருடம்.

பெண்கள் கல்லருகே குனிந்து பார்த்தார்கள். பிறகு கோடிவீட்டுக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். "ஆம்பளையா?"

"வெள்ளைக்கார ஆம்பளை" என்றாள் அக்கா.

"அடப்பாவி. வருஷா வருஷம் பாவாடை கட்டிவிட்டேனே."

"மீசை வெச்சிருந்தாராங்க?" என்று இன்னொருத்தி அப்பாவைக் கேட்டாள். அப்பா ஆமாம் என்று தலையை ஆட்டினார். அவர்கள் சிரித்த சிரிப்பில் தெருமுனையிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். கோடிவீட்டுக்காரம்மா மட்டும், "யாரா இருந்தா என்ன, எம்புள்ளைக்கு அம்மை எறங்கிச்சு" என்று சொல்லி வேப்பிலையை எடுக்காமல் விட்டுவிட்டுப் போனாள்.

அப்பா சிரிக்கவில்லை. மூன்று நாள் அக்காவிடம் பேசவில்லை. சோற்றைத் தட்டில் போட்டுத் திண்ணைக்கே கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்தது. நான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது என் முன்னாலேயே சண்டை வெடித்தது.

"நான் ஒரு வேலைதான் பெரிசா செஞ்சேன்" என்றார் அப்பா. "அதையும் பிரிச்சுப் போடணுமா?"

"நீங்க செஞ்சது ரெண்டு கண்ண அடைச்சதுப்பா."

"சொன்னதச் செஞ்சேன். செய்யலைன்னா அன்னைக்கே சீட்டுக் கிழிஞ்சிருக்கும். உங்கம்மா உன்ன வயித்துல வெச்சிருந்தா."

"உங்களக் குத்தம் சொல்லல. அந்தாளத்தான் சொல்றேன். அவுரு தொப்பியக் கழட்டினாரு, நீங்க முப்பது வருஷமா அத மாட்டிக்கிட்டுத் திரியறீங்க."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கல்ல உடைக்க மாட்டாங்களே?" என்று கடைசியில் கேட்டார்.

"கௌரவமா எடுத்து வேற இடத்துல வெக்கச் சொல்றேன். நானே போய்க் கேக்கறேன்."

"எடுத்துக்கட்டும்" என்றார்.

மறுநாள் காலையில் அக்கா பால் ஊற்றப் போனபோது இஞ்சினீயரிடம் சொன்னாள். தெருவில் இனி யாருக்கும் ஆட்சேபம் இல்லை, கல்லை நல்லபடியாக எடுத்து வைத்தால் போதும். அவர் மிகவும் சந்தோஷப்பட்டார். இன்ஸ்டிடியூட்டுக்கும் தகவல் போயிற்று. அங்கிருந்தவர்கள் இன்னும் சந்தோஷப்பட்டார்கள்.

பங்குனி நடுவில் வந்தார்கள். கப்பியும் சங்கிலியும் கொண்டுவந்து, கல்லின் ஓரங்கள் உடையாமல் சாக்கு சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல இறக்கினார்கள். டிராலியில் வைக்கோல் பரப்பி அதன்மேல் படுக்க வைத்தார்கள். வெள்ளைக் குடையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கூடவே ஓடினார். வெயிலில் கல்லுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. சுவரில் கல் இருந்த இடம் சதுரமாக, இருட்டாகத் தெரிந்தது. அக்கா அந்த ஓட்டையில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கம் காத்து வருதுடா" என்றாள்.

சுவரைப் பிரிக்க ஆள் எப்போது வருவார்கள் என்று கேட்க நான் அலுவலகத்துக்குப் போனேன். இஞ்சினீயர் என்னை உட்காரச் சொன்னார். காபி வரவழைத்தார்.

"மாசியில நின்னுபோச்சோல்லியோ, வருஷம் முடியறது. அந்த அனுமதி இந்த மார்ச்சோட சரி. மறுபடி எழுதி, மேல போய், வரணும். நான் எழுதறேன். கவலைப்படாதேங்கோ."

"கல்லை எடுக்க மட்டும் எப்படி சார் முடிஞ்சுது?"

"அது வேற கணக்கு. இன்ஸ்டிடியூட் விஷயம்."

காபியைக் குடிக்காமல் எழுந்தேன். அதற்கு மேல் அங்கே எனக்கு எதுவும் செய்யத் தெரியவில்லை. நான் அந்த மேஜையை உதைத்திருந்தால் அவர் ஆச்சரியப்பட்டிருப்பார், வருத்தப்பட்டும் இருப்பார். யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்து ஒரு தெருவை மூழ்கடிக்க முடியும் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. அந்த வரிசையில் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் தொப்பியைக் கழற்றத் தெரிந்த ஒரு சுத்தமான மனிதர். மற்றவர்கள் அவரிடம் வேலை கற்றுக்கொண்டார்கள்.

சுவரில் ஓட்டை இருந்தால் கரைக்கு ஆபத்து என்று இரண்டு நாளில் ஆள் வந்து சிமெண்டு வைத்து அடைத்துவிட்டுப் போனார்கள். சிமெண்டுக்கு அனுமதி இருந்தது.

சித்திரையில் அப்பா கல்லைப் பார்க்க வேண்டும் என்றார். பஸ்ஸில் அழைத்துப் போனேன். இன்ஸ்டிடியூட் தோட்டத்தில், மண்டபப் படிக்கு இடப்புறம் சுவரை ஒட்டி மேடை கட்டி நிறுத்தியிருந்தார்கள். மஞ்சள் கறையைத் திராவகம் போட்டு எடுத்திருந்தார்கள். எழுத்துகளுக்குக் கறுப்பு வர்ணம் தீட்டியிருந்தார்கள். சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குக் கம்பி. அப்பா கம்பிக்கு மேலே கையை நீட்டினார்.

"பெரியவரே, தொடாதீங்க" என்றார் தோட்டக்காரர். "பெயிண்டு போயிடும்."

அப்பா கையை எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் திரும்பும்போது காவிரிப் பாலத்தைத் தாண்டினோம். பிறகு, "பின்பக்கம் நான் கொத்தின குறி இருக்கும். சுவத்தோட ஒட்ட வெச்சிருக்கானுங்க, தெரியாது" என்றார்.

இஞ்சினீயர் வைகாசியில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். போகும் முன் எழுதியதாகத்தான் சொன்னார்கள். அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் பசும்பால் குடிப்பவர்கள்.

ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. மழையும் வந்தது. ஒற்றைக்கண்ணில் ஒரு வாழைமரம் வந்து குறுக்கே செருகிக்கொண்டது. விடிவதற்குள் தண்ணீர் புதுச் சிமெண்டு வைத்த சதுரத்துக்கு மேலே போய்விட்டது. கொட்டில் சாய்ந்தது. அக்காவும் அத்தானும் எருமைகளைக் கரைமேல் ஏற்றினார்கள். மண் சேறாகி முளை நிற்கவில்லை. பெரிய எருமையின் கயிற்றை அக்கா கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். காவிரிப் பாலத்தின் பக்கமிருந்து காலை ரயில் ஊதியது. எருமை மிரண்டு தண்டவாளத்தின்மேல் ஏறியது. அத்தான் அக்காவின் இடுப்பைப் பிடித்து இழுத்ததில் அவள் சரிவில் உருண்டாள். கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போயிற்று.

நான் போனபோது ரயில் போய்விட்டிருந்தது. அப்பா கரைமேல் அடிபட்டுச் செத்துக் கிடந்த எருமையின் அருகில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா கையில் ஈரத்துணி சுற்றியிருந்தாள். என்னைப் பார்த்து, "இதையாவது எழுதுவியாடா?" என்று கேட்டாள்.

எழுதிக் கொடுத்தேன். இன்னொரு எருமையை அந்த வாரமே விற்றாள். புரட்டாசியில் அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருவெறும்பூர்ப் பக்கம் வாடகைக்குப் போனார்கள்.

நான் எழுதிக் கொடுத்ததற்கு மறுநாள் எங்கள் பத்திரிகையின் ஆறாம் பக்கத்தில் நான்கு வரி வந்தது. பாதையில் கால்நடை குறுக்கிட்டதால் ஸ்ரீரங்கம் அருகே காலை ரயில் தாமதமானதாகவும், அலுவலகம் செல்வோர் சிரமப்பட்டதாகவும் அதில் இருந்தது.